பண்ணைத் தொழுவத்திலிருந்து மருத்துவமனை வரை: லண்டன் விடுத்த பழைய எச்சரிக்கை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும் 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி கால்நடை மருந்துகள் தொடர்பான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆண்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பண்ணை விலங்குகளுக்கு வாடிக்கையாகக் கொடுத்துவருவதை இவ்விதிகள் தடை செய்கின்றன. சுகாதாரக் குறைவையும் மோசமான பராமரிப்பையும் மருந்தால் ஈடுகட்டுவதும் இனி சட்டவிரோதம்.

இத்தகைய கட்டுப்பாடு தேவை என்ற எச்சரிக்கை புதியதல்ல. 1969-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஓர் அறிக்கை, பண்ணைகளில் இம்மருந்துகளைத் தாராளமாகப் பயன்படுத்துவது மனிதர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தெளிவாகக் கூறியிருந்தது. அறிக்கைக்கும் இந்த விதிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த இடைவெளியில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் கன்றுகளிடமும், கோழிகளிடமும், பன்றிகளிடமும், இறுதியாகப் பண்ணை முயல்களிடமும் கண்டறியப்பட்டன. அநேகமாக ஒவ்வொரு முறையும் அந்த விலங்குகளை அன்றாடம் கையாளும் மனிதர்களிடமும் அவை காணப்பட்டன.

மருத்துவ ஆய்விதழான லான்செட் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளை நேரடிக் காரணமாகக் கொண்டு 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இதில் பெரும்பங்கு மனிதர்களுக்கான மருத்துவத்தில் மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதன் விளைவு என்பதில் ஐயமில்லை. பண்ணைகளின் பங்கு எவ்வளவு என்பது குறித்து விஞ்ஞானிகளிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அப்படி ஒரு பங்கே இல்லை என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

கோலிண்டேல் ஆய்வுக்கூடம்

இந்தக் கதையின் முக்கிய அத்தியாயங்கள் பல லண்டனிலேயே எழுதப்பட்டன. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்தது பாடிங்டனில் உள்ள செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில்தான். 1945-இல் நோபெல் பரிசு உரையில், மருந்தைப் போதாத அளவில் பயன்படுத்தினால் கிருமிகள் அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடும் என்று எச்சரித்தவரும் அவரே.

தமிழர்கள் கணிசமாக வாழும் வடமேற்கு லண்டனில், கோலிண்டேல் சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே, நாட்டின் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் நெடுங்காலமாக இயங்கிவருகிறது. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை ஒடுக்க மெத்திசிலின் என்ற புதிய மருந்து அறிமுகமான சிறிது காலத்திலேயே, அம்மருந்துக்கும் அடங்காத வகை தோன்றிவிட்டதை இங்கு பணியாற்றிய பாட்ரிஷியா ஜெவன்ஸ் 1961-இல் அறிவித்தார். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படும் கிருமி அதுதான். அது அப்போது மருத்துவமனைகளின் சிக்கலாகவே கருதப்பட்டது.

அதே கோலிண்டேலில் குடல் நோய்க்கிருமிகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஈ. எஸ். ஆண்டர்சனின் கவனம் பண்ணைகள் பக்கம் திரும்பியது. 1960-களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் கன்று வளர்ப்பு ஒரு தொழிற்சாலை போல மாறிக்கொண்டிருந்தது. பிறந்து சில நாட்களே ஆன கன்றுகள் பல பண்ணைகளிலிருந்து வாங்கப்பட்டு, வியாபாரிகளின் கொட்டகைகளில் ஒன்றாக அடைக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளுக்கும் லாரிகளில் அனுப்பப்பட்டன. அவற்றிடையே சால்மொனெல்லா பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகை பரவியது. மருந்துகள் ஏராளமாகக் கொடுக்கப்பட்டும் அது அடங்கவில்லை. மாறாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளைத் தாங்கும் திறனை அது பெற்றது. பின்னர் அதே வகைக் கிருமி மனிதர்களையும் நோயில் வீழ்த்தியது.

ஆண்டர்சனைக் கூடுதலாகக் கவலைகொள்ள வைத்தது மற்றொரு விஷயம். ஒரு பாக்டீரியா தனது எதிர்ப்புத் திறனை வேறு இனப் பாக்டீரியாவுக்குக் கைமாற்ற முடியும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1950-களின் இறுதியில் கண்டறிந்திருந்தனர். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் பணியாற்றிய நவோமி தத்தா 1962-இல் பிரிட்டனிலும் அதை உறுதிப்படுத்தினார். பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம் ஒன்று பாக்டீரியாக்களிடையே நகலெடுக்கப்பட்டுக் கைமாறுகிறது. ஒரு வீட்டின் சாவியை நகலெடுத்துத் தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுப்பதைப் போன்றது இது. கன்றின் குடலில் உருவான எதிர்ப்புத் திறன் மனிதனை அடைய, அதே கிருமிதான் மனிதனை நோயில் தள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. தீங்கற்ற ஒரு குடல் பாக்டீரியா அதைச் சுமந்து வந்தாலே போதும்.

ஸ்வான் குழுவும் அதன் ஓட்டைகளும்

பண்ணைகளுக்கு இம்மருந்துகள் ஏன் தேவைப்பட்டன? 1940-களின் இறுதியில், அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் வைட்டமின் பி12 தொடர்பான சோதனைகளை நடத்திவந்தனர். ஆரியோமைசின் தயாரித்த பின் எஞ்சிய கழிவைக் கலந்தபோது குஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாக எடை கூடின. அதற்குக் காரணம் வைட்டமின் மட்டுமல்ல, அதில் தங்கியிருந்த மருந்துதான் என்பது பின்னர் தெரியவந்தது. நோயில்லாத விலங்குக்கும் சிறு அளவில் மருந்து கொடுத்தால் குறைந்த தீவனத்தில் அதிக இறைச்சி கிடைக்கும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில், இறைச்சிக்கு இன்னும் பங்கீட்டு முறை இருந்த 1953-இல், கோழி, பன்றித் தீவனத்தில் பென்சிலினையும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளையும் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கலக்கச் சட்டம் அனுமதித்தது.

இது குறித்து ஆராய 1960-இல் அமைக்கப்பட்ட முதல் குழு, கவலைப்பட அதிகமில்லை என்ற முடிவுக்கு வந்தது. அதன் தலைவர் நெதர்தார்ப் பிரபு, தேசிய விவசாயிகள் சங்கத்தின் முன்னாள் தலைவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஆண்டர்சன் எழுப்பிய குரலும், பத்திரிகைகள் அதற்குக் கொடுத்த இடமும் அரசை மறுபடி யோசிக்க வைத்தன. 1968-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவரான மைக்கேல் ஸ்வான் தலைமையில் மற்றொரு குழு நியமிக்கப்பட்டது. உயிரியலாளரான அவர் பின்னாளில் பிபிசி ஆளுநர் குழுவின் தலைவராகவும் இருந்தார்.

ஸ்வான் குழு மருந்துகளை இரண்டாகப் பிரித்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான பென்சிலின், டெட்ராசைக்ளின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவரின் சீட்டில்லாமல் தீவனத்தில் கலக்கக் கூடாது. மனிதர்களுக்குப் பயன்படாத மருந்துகளை மட்டுமே, அவை மனித மருந்துகளின் திறனைக் கெடுக்காத பட்சத்தில், வளர்ச்சியைத் தூண்டுவதற்குப் பயன்படுத்தலாம். 1971-இல் இது நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே முன்னோடியான நடவடிக்கை என்று இது இன்றும் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு நியாயமானதே.

ஆயினும் அதில் இரு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, மருந்துச் சீட்டு. வளர்ச்சிக்கென்று கொடுக்கக் கூடாத அதே மருந்தை, நோய் வராமல் தடுப்பதற்கு என்று எழுதி வாங்கிக் கொடுக்கலாம். பெயர்தான் மாறியது, தீவனமும் மருந்தும் விலங்கும் மாறவில்லை.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. மனிதர்களுக்குப் பயன்படாத மருந்து என்று பட்டியலிடப்பட்ட அவோபார்சின், 1970-களின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பண்ணைகளில் பரவலாகக் கலக்கப்பட்டது. ஆனால் வேதியியல் ரீதியில் அது வேன்கோமைசினின் நெருங்கிய உறவு. எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுக்கு மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்து வேன்கோமைசின். அதற்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியா தெற்கு லண்டனின் டல்லிச் மருத்துவமனையில் பரவியது 1988-இல் அறிவிக்கப்பட்டது. அத்தகைய பாக்டீரியாக்கள் பண்ணை விலங்குகளிடமும் இருப்பதை 1993-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அவோபார்சினை 1995-இல் டென்மார்க்கும், 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்தன. வளர்ச்சி தூண்டும் எல்லா ஆண்டிபயாட்டிக்குகளுக்கும் 2006 ஜனவரி 1 முதல் ஒன்றியம் முற்றாகத் தடை விதித்தது.

முதலில் சுமப்பவர்கள்

நுகர்வோரின் கவலை பெரும்பாலும் தட்டில் உள்ள இறைச்சியைப் பற்றியது. அதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இறைச்சியிலோ முட்டையிலோ எஞ்சியிருக்கும் மருந்தின் அளவு ஒன்று. அதற்கு வரம்புகளும் சோதனைகளும் உண்டு. மருந்தைத் தாங்கிப் பிழைத்த உயிருள்ள பாக்டீரியா மற்றொன்று. மருந்து முழுவதும் உடலிலிருந்து வெளியேறிய பின்னும் விலங்கின் குடலிலும் தோலிலும் அது தங்கியிருக்கலாம். எஞ்சிய மருந்துக்கான சோதனை இதைக் காட்டாது. நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா மடிந்துவிடும். எனவே சமைத்து உண்பவரைவிட, உயிருள்ள விலங்கைத் தூக்குபவர், கூண்டைக் கழுவுபவர், எருவை அள்ளுபவர், இறைச்சியை வெட்டுபவர் ஆகியோரே கிருமிக்கு நெருக்கமாக இருக்கிறார்கள்.

இதற்கான சான்றுகள் பழையவை. அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஒரு கோழிப்பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி நடத்திய ஆய்வு 1976-இல் வெளியானது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் அம்மருந்தைத் தாங்குபவையாக மாறின. ஐந்தாறு மாதங்களுக்குள் பண்ணையில் வசித்தவர்களின் குடலிலும் அவை பெருகின. பக்கத்து வீட்டாரிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் நடந்தது இன்னும் ஐயமற்றது. மனித மருத்துவத்தில் பயன்படவே இல்லாத நூர்சியோத்ரிசின் என்ற மருந்து 1983 முதல் அங்கு பன்றிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதற்கான எதிர்ப்புத் திறன் பன்றிகளிடமும், பண்ணைத் தொழிலாளர்களிடமும், அவர்களது குடும்பத்தினரிடமும், பின்னர் பன்றியோடு தொடர்பே இல்லாத நகரவாசிகளிடமும் கண்டறியப்பட்டது. மனிதர்கள் அந்த மருந்தை உட்கொண்டதால் வந்தது என்று சொல்ல அங்கே வழியே இல்லை.

முயல் பண்ணைகள் இந்த வரிசையில் தாமதமாகச் சேர்ந்தவை. இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் முயல் இறைச்சி பெரிய தொழில். பால் மறக்கச் செய்யப்படும் நாட்களில் முயல் குட்டிகள் குடல் நோயால் கூட்டம் கூட்டமாக மடிவது அத்தொழிலின் நிரந்தரத் தலைவலி. அதனால் மருந்து கலந்த தீவனம் அங்கே நெடுங்காலம் வாடிக்கையாக இருந்தது. இதில் ஒரு முரணும் உண்டு. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து அந்த விலங்கே மடியக்கூடும். ஆகவே டெட்ராசைக்ளின் முதலிய பிற மருந்துகளே தீவனத்தில் இடம்பிடித்தன.

இத்தாலியில் தொழில்முறை முயல் பண்ணை ஒன்றிலும், அப்பண்ணையோடு தொடர்புடைய மனிதர்களிடமும், எஸ்.டி.398 என்ற வகை எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டதாக அந்நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் முதல் முறையாக அறிவித்தனர். இந்த வகைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனையில், ஒரு பன்றிப் பண்ணையாளர் குடும்பத்துக் குழந்தையிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பது 2004-இல் தற்செயலாகத் தெரியவந்தது. அந்நாட்டில் மிக அரிதான கிருமி அது. தொடர்ந்து நடந்த ஆய்வில், பன்றி வளர்ப்போரிடம் அது இருக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 760 மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது.

மரபணு ஆய்வுகள் 2012-இல் இதற்கு எதிர்பாராத ஒரு முன்கதையைச் சேர்த்தன. எஸ்.டி.398 முதலில் மனிதர்களிடம்தான் இருந்தது. அப்போது அது மருந்துகளுக்கு அடங்கக்கூடியதாகவே இருந்தது. மனிதனிடமிருந்து கால்நடைக்குத் தாவிய பிறகே டெட்ராசைக்ளினையும் மெத்திசிலினையும் தாங்கும் திறனைப் பெற்று மனிதனிடம் திரும்பியது. முயல்களிடம் நோய் பரப்பும் மற்றொரு ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையும் மனிதனிடமிருந்து சில பத்தாண்டுகளுக்கு முன் சென்றதுதான். அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதே முயலைத் தாக்கும் திறனை அதற்குக் கொடுத்தது என்று ஸ்பெயின், பிரிட்டன் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. போக்குவரத்து இருவழி. விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்த தொற்று என்று மட்டும் பேசுவது, பாதிக் கதையைச் சொல்வதாகும்.

இக்கிருமியைச் சுமக்கும் எல்லோரும் நோயாளிகளல்ல என்பதையும் கூற வேண்டும். பெரும்பாலோரின் மூக்கில் அது சத்தமின்றித் தங்கியிருக்கும். ஆழமான காயமோ அறுவைச் சிகிச்சையோ நேரும்போதும், உடல் வலுவிழக்கும்போதும்தான் அது உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

நாமக்கல் வரை

பிரிட்டனில் முயல் இறைச்சித் தொழில் மிகச் சிறியது. தமிழ்நாட்டிலும் கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் முயல் வளர்ப்பை ஊக்குவித்தாலும், அது சிறு அளவில்தான் நடக்கிறது. தமிழர்களைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் உண்மையான களம் கோழிப்பண்ணை. நாமக்கல் இந்தியாவின் முட்டை உற்பத்தியில் முன்னணி மையம். பல்லடம் வட்டாரம் கறிக்கோழி வளர்ப்பில் பெயர்பெற்றது.

வேறு மருந்துகள் பலிக்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டின் என்ற மருந்தின் கதை இங்கே பொருந்துகிறது. அதற்கான எதிர்ப்புத் திறன் பிளாஸ்மிட் வழியாகவே கைமாறக்கூடியது என்று சீனப் பன்றிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிப்படுத்தியது. இந்தியப் பண்ணைகளின் கோழிகளுக்கு வாடிக்கையாகக் கொடுப்பதற்காக நூற்றுக்கணக்கான டன் கோலிஸ்டின் கப்பலேறியதாக, லண்டனிலுள்ள புலனாய்வு இதழியல் அமைப்பு ஒன்று தி இந்து நாளிதழுடன் இணைந்து 2018 ஜனவரியில் செய்தி வெளியிட்டது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. சீனா அதைத் தீவனத்தில் கலப்பதை 2017-இலேயே நிறுத்தியிருந்தது. நிறுத்திய பிறகு அங்கு விலங்குகளிடமும் மனிதர்களிடமும் கோலிஸ்டினுக்கான எதிர்ப்புத் திறன் குறைந்ததை 2020-இல் வெளியான ஆய்வுகள் பதிவு செய்தன. தடை பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் தடைகளால் யார் தலையில் சுமை விழுகிறது என்ற கேள்வியும் உண்டு. பல்லடம் போன்ற இடங்களில் பெரும்பாலான கறிக்கோழிகள் ஒப்பந்த முறையில் வளர்க்கப்படுகின்றன. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. வளர்ப்புக் கூலி மட்டுமே அவருக்குக் கிடைக்கும். தீவனத்தில் என்ன கலக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை. கொட்டகையில் கூலிக்கு வேலை செய்பவர் அதற்கும் கீழே இருக்கிறார். பண்ணைகளில் மருந்தைக் குறைக்க வேண்டும் என்று நகரத்துக் கருத்தரங்குகளில் பேசும்போது, பொறுப்பு பெரும்பாலும் இந்த இருவர் மீதே சுமத்தப்படுவதைக் காண முடிகிறது. இது பொருத்தமற்றது.

பிரிட்டனின் அனுபவம் வேறு ஒரு வழியைக் காட்டுகிறது. பண்ணை விலங்குகளுக்கான ஆண்டிபயாட்டிக் விற்பனை 2014-இல் இருந்ததில் பாதிக்கும் கீழாக இங்கு குறைந்துள்ளது. அதில் பெரும்பகுதி 2024-ஆம் ஆண்டின் விதிகள் வருவதற்கு முன்பே, தொழில்துறை தானே ஏற்ற இலக்குகளாலும் கால்நடை மருத்துவர்களின் கண்காணிப்பாலும் நிகழ்ந்தது. கோழிகளைக் கொன்றுகுவிக்கும் கொள்ளைநோய் எதுவும் அதனால் மூளவில்லை. அதே சமயம், விதிவிலக்கான சூழலில் நோய்த்தடுப்புக்காக ஒரு விலங்குக் கூட்டம் முழுவதற்கும் மருந்து கொடுக்கப் புதிய பிரிட்டிஷ் விதிகள் இடமளிக்கின்றன. 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள சட்டம், நோய்த்தடுப்புக்கான ஆண்டிபயாட்டிக்கை விதிவிலக்காகத் தனித்தனி விலங்குகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஸ்வான் அறிக்கையின் முதல் ஓட்டை லண்டனில் சிறியதாகியிருக்கிறது. அடைபடவில்லை என்பது விமர்சகர்களின் வாதம்.

நெதர்லாந்தில் ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது பன்றி, இறைச்சிக் கன்று அல்லது கறிக்கோழிப் பண்ணையோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்று கேட்கப்படுகிறது. ஆம் என்று பதில் வந்தால் மூக்கிலிருந்து மாதிரி எடுக்கப்படும். முடிவு வரும்வரை அவருக்குத் தனி அறை. அந்தக் கேள்வியைக் கேட்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஊசியைக் குத்துவதற்கு முன் கைக்குக் கிடைக்கும் முதல் தகவல் அதுவே.